இல்லாத ஸ்டம்பு

மலாக்காவில் அப்பாசாமி என்று விசாரித்தால் எந்த அப்பாசாமி என்று திருப்பிக் கேட்பார்கள். கீப்பர் என்றால் போதும், காஜா பேராங் சாலையில் எந்தக் கடைக்காரனும் கையை நீட்டி வீட்டைக் காட்டிவிடுவான். சண்டைக்கு முன்னால் பத்துப் பதினைந்து வருஷம் மலாக்கா கிரிக்கெட் அணிக்கு விக்கெட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தவன் அவன் ஒருவன்தான். நெகிரி செம்பிலானிலிருந்து வந்தவர்களும் சரி, ஜொகூரிலிருந்து வந்தவர்களும் சரி, ஆட்டம் முடிந்து திரும்பும்போது அவன் கையை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பார்ப்பதற்கு அதில் அழகு ஒன்றும் இல்லை. இடது சுண்டுவிரல் வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கும். வலது நடுவிரல் மடங்காது. கட்டைவிரல் இரண்டும் கணுவில் வீங்கிப் போனவை. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் சோறு பிசைகிற பாட்டைப் பார்த்து, கல்யாணமான புதிதில் பூங்காவனம் அழுதிருக்கிறாள். பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு கேலி செய்யவே ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் கைதான் வீட்டுக்குச் சோறு போட்டது என்பது அவளுக்கும் தெரியும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு அரசாங்க ஆபீஸில் கிராணி என்கிற குமாஸ்தா நாற்காலி வேறு எப்படிக் கிடைக்கும்? கிளப்புக்கு ஒரு கீப்பர் தேவைப்பட்டான். கிளப்புக்குத் தலைவராக இருந்த துரையேதான் அந்த ஆபீஸுக்கும் பெரியவர். மறுவாரமே அப்பாசாமிக்கு மேசையும் மின்விசிறியும் கிடைத்தன. மேசையில் கிடந்த காகிதங்களை மற்ற கிராணிகள் முணுமுணுத்துக்கொண்டே முடித்துக் கொடுத்தார்கள். அதைப் பற்றி அவன் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்குச் சம்பளம் குந்துவதற்கு என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

மட்டையைப் பிடித்தாலும் சோடை போனவன் இல்லை. ஆறாவது ஆளாக இறங்குவான். அடித்து நொறுக்குகிற ரகம் இல்லை, ஒட்டிக்கொண்டால் விடாத ரகம். பந்து போடுகிறவனுக்கு அவனைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஆனாலும் அவன் பெயர் எடுத்தது ஸ்டம்பிங்கில்தான். பந்து கைக்கு வருவதும் பெயில்ஸ் பறப்பதும் ஒன்றாக நடக்கும். ஆளைப் பார்க்க மாட்டான், ஆளுடைய காலைப் பார்க்க மாட்டான். கை தன்பாட்டுக்கு ஸ்டம்புக்குப் போகும், வாய் தன்பாட்டுக்கு "ஹவ்ஸ் தட்" என்று கத்தும். நடுவில் மூளையைக் கொண்டுவந்தால் நேரம் தப்பிவிடும் என்பான். உண்மையும் அதுதான்.

ஜப்பான்காரன் வந்தான். துரை சிறைக்குப் போனார், ஆபீஸ் வேறு ஆட்கள் கைக்குப் போயிற்று, கிளப்புக்குப் பூட்டு விழுந்தது. ஆட்ட மைதானமான பாடாங்கில் பாதியை வெட்டி மரவள்ளி நட்டார்கள். அப்பாசாமியும் வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் மரவள்ளிதான் நட்டான். காலுக்குக் கட்டுகிற பேடைப் பிரித்துப் பூங்காவனம் அதன் கித்தான் துணியில் தம்பிக்குக் கால்சட்டை தைத்தாள். விறகு கிடைக்காத மழைநாளில் மட்டைகள் இரண்டும் அடுப்புக்குள் போயின. "நல்லாத்தான் எரியுது" என்று அவள் சொன்னபோது அவன் வெளியே போய் நனைந்துகொண்டே கிழங்கு தோண்டினான்.

தம்பி என்றேனே, அவன் பெயர் தேவதாஸ். பூங்காவனத்தின் கூடப் பிறந்தவன். தாய் செத்தபோது அவன் தவழ்கிற பிள்ளை. இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அக்காதான். கல்யாணத்தின்போது தம்பியும் கூட வருவான் என்று சொல்லித்தான் கழுத்தை நீட்டினாள். அவர்களுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அதனால் அப்பாசாமிக்கும் அவன் மைத்துனன் பாதி, மகன் பாதி. இப்போது இருபத்துநாலு வயசு. லாரியில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. நல்ல உடம்பு, ஓயாத வாய், எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

நல்ல உடம்புதான் அந்த வருஷம் ஆபத்தாகிவிட்டது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று முதலில் தோட்டங்களில் பேச்சு வந்தது. சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு, மூன்றே மாதம் என்றார்கள். போனவர்களில் யாரும் திரும்பவில்லை. பிறகு தானாகப் போவதற்கு ஆள் இல்லை என்றானதும் பிடித்தே ஏற்றினார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, அப்படியே லாரியில் ஏற்றியதும் உண்டு. தோட்டத்தில் ஆள் தீர்ந்ததும் டவுனுக்குள் வந்தார்கள். தேவதாஸ் வேலை முடிந்து வீடு திரும்ப ஒரு நாள் கொஞ்சம் தாமதமானாலும் பூங்காவனத்துக்கு அடுப்படியில் வேலை ஓடாது. வாசலில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் கலியாணசுந்தரம் வந்தான். பழைய ஆபீஸில் அப்பாசாமியின் காகிதங்களை முடித்துக் கொடுத்த கிராணிகளில் ஒருவன். ஜப்பான் பாஷையை அவசர அவசரமாகக் கற்றுக்கொண்டு, செமாபோக் முகாமில் கேப்டன் நாகாசேயிடம் துபாஷியாக இருந்தான். மலாக்காவிலிருந்து சயாமுக்கு ஆள் அனுப்புகிற பொறுப்பு அந்தக் கேப்டனுடையது. அவன் பெயரைக் கேட்டாலே ஜனங்கள் பேச்சை மாற்றிக்கொள்வார்கள்.

"பயப்படாத லா, நல்ல சமாச்சாரம்தான்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான். "எங்க கேப்டனுக்கு பேஸ்பால் பைத்தியம். சோல்ஜருங்கள வச்சு ஒரு டீம் வச்சிருக்கான். மட்டைக்காரனுக்குப் பின்னால குந்துறதுக்கு ஆளு இல்ல. இருந்தவன பர்மாவுக்கு அனுப்பிட்டாங்க. நான் உன் பேரச் சொல்லிட்டேன்."

"எனக்கு அந்த ஆட்டம் தெரியாது."

"குந்தத் தெரியுமா? பந்து பிடிக்கத் தெரியுமா? மிச்சத்த அவன் சொல்லிக் குடுப்பான்." கலியாணசுந்தரம் குரலைத் தாழ்த்தினான். "நீ ஆடுற வரைக்கும் உன் வீட்டு ஆளு சயாமுக்குக் கெடையாது. தாஸுக்கு ஸ்டோர்லயே வேலை, கையில கட்டிக்க ஒரு பட்டை. அதக் கட்டியிருந்தா எந்த லாரிக்காரனும் தொட மாட்டான். ஆனா கேப்டனுக்கு ஜெயிக்கணும். தோத்தா அவனுக்குப் புத்தி கெட்டுப் போயிரும். அதையும் சொல்லிடுறேன்."

அப்பாசாமி யோசித்தான். ஜப்பான்காரனோடு சேர்ந்து ஆடினால் ஊர் என்ன சொல்லும் என்ற யோசனை. சிறையில் கிடக்கிற துரையின் நினைவும் வந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து பூங்காவனம் வெளியே வந்துவிட்டாள்.

"ஆடுவாருன்னு சொல்லுங்கண்ணே" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பேஸ்பாலில் குந்துவது அவனுக்குக் கஷ்டமாக இல்லை. பந்து தரையில் குத்தி எழும்பாமல் நேராக வந்தது, ஒரு கைக்கு மட்டும் பெரிய தோல் கிளவுஸ் கொடுத்தார்கள், முகத்துக்குக் கம்பிக் கூடு மாட்டினார்கள். இரண்டே நாளில் கேப்டன் பல்லைக் காட்டிச் சிரித்தான். மட்டையைக் கொடுத்தபோது அப்பாசாமி பழைய வழக்கப்படி நேர் மட்டையாகப் பிடித்துத் தடுத்ததைப் பார்த்து சோல்ஜர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதையும் மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டான். ஆட்டத்திலிருந்த இங்கிலீஷ் வார்த்தைகளையெல்லாம் அவர்கள் நாட்டிலேயே துரத்திவிட்டார்களாம். எல்லாவற்றுக்கும் ஜப்பான் வார்த்தை கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கற்றுக்கொண்டான். ஆட்டத்தின்போது இங்கிலீஷ் பேசினால் அடி விழும்.

ஒன்றே ஒன்றுதான் உடம்பில் ஏறவில்லை. அந்த ஆட்டத்தில் ஸ்டம்பு கிடையாது. நாலு மூலை, கடைசி மூலையில் தரையோடு தரையாக ஒரு வெள்ளைப் பலகை. ஓடி வருகிறவன் அதை மிதித்துவிட்டால் ஒரு ரன். அவன் மிதிப்பதற்கு முன்னால் பந்து இருக்கிற கையால் அவன் உடம்பைத் தொட வேண்டும். தொட்டால்தான் அவுட். அப்பாசாமிக்கோ ஆளைத் தொட்டுப் பழக்கமே இல்லை. பந்து கைக்கு வந்ததும் கை பக்கவாட்டில் ஸ்டம்பைத் தேடிப் போய்விடும். ஒவ்வொரு முறை போகும்போதும் கேப்டன் மூங்கில் பிரம்பால் முழங்கையில் ஒன்று வைப்பான். "தொடு" என்பதற்கான ஜப்பான் வார்த்தையை அப்பாசாமி அடியோடு சேர்த்துத்தான் கற்றான்.

பூங்காவனம் அந்த முழங்கையைப் பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் பயிற்சி. தேவதாஸ் பலாமரத்திலிருந்து ஓடி வருவான். பூங்காவனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காய்ந்த எலுமிச்சம்பழத்தை வீசுவாள். அப்பாசாமி அதைப் பிடித்து மைத்துனனைத் தொட வேண்டும்.

"மாமா, தொடச் சொன்னா தடவிக் குடுக்குறீங்க" என்பான் தேவதாஸ். "கொஞ்சம் அழுத்தித் தொடுங்க. சயாம் எவ்ளோ தூரம்னு நெனச்சுக்குங்க."

"வாயக் கழுவுடா" என்று பூங்காவனம் அதட்டுவாள்.

ஆனாலும் அந்தச் சாயங்காலங்களில் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அது எங்கேயும் கேட்காத காலம். மரவள்ளியைத் தின்று தின்று வயிறு ஊதி, சிவப்புப் பனை எண்ணெயில் எல்லாவற்றையும் வதக்கி, கோணித் துணியை உடுத்திக்கொண்டிருந்த ஜனங்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். கீப்பர் ஜப்பான்காரனுக்கு ஆடுகிறான் என்று சிலர் காறித் துப்பியதும் அவன் காதுக்கு வந்தது. துப்பட்டும் என்று இருந்தான். கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு தேவதாஸ் தினமும் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அதற்கு மேல் அந்த வீட்டுக்கு என்ன வேண்டும்?

வரிசையாக ஆட்டங்களை ஜெயித்தார்கள். ஆளைத் தொடுவதும் வந்துவிட்டது. கேப்டன் ஒரு பொட்டலம் அரிசி கொடுத்தான். அதைக் கஞ்சியாக்கி மூன்று பேரும் வாரக்கணக்கில் வைத்துக் குடித்தார்கள்.

பிறகு சிங்கப்பூரிலிருந்து கப்பல்படை ஆட்கள் ஆட வருகிறார்கள் என்று சேதி வந்தது. கேப்டனுக்கு மேலே இருக்கிற மேஜர் அதைப் பார்க்க வரப்போகிறார். கேப்டன் அந்த வாரம் முழுக்கச் சிரிக்கவில்லை. பாடாங்கில் மரவள்ளி நடாத பாதியைச் சமன்படுத்தினார்கள். அப்பாசாமி அங்கே போய் நின்று காலடியைப் பார்த்தான். அவன் பத்துப் பதினைந்து வருஷம் குந்திய அதே இடத்தில் வெள்ளைப் பலகையைப் பதித்திருந்தார்கள். கேப்டனுடைய டீமின் கூடாரம் கிளப் கட்டடத்துக்கு முன்னால் இருந்தது. கடல் காற்றும் முன்பு போலவே அதே பக்கத்திலிருந்துதான் வந்தது. வேறு இடமாக இருந்திருந்தால் தப்பித்திருப்பானோ என்னவோ.

ஆட்டத்தைப் பார்க்க வீட்டுக்கு ஓர் ஆம்பளை வர வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே ஜனம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. தேவதாஸ் ஸ்டோர் ஆட்களோடு முன்வரிசையில் இருந்தான். பூங்காவனம் வரவில்லை, வீட்டில் விளக்கேற்றி வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போய்க் கடைசிச் சுற்றுக்கு வந்தபோது இரண்டு பக்கமும் சமமாக நின்றன. மட்டை சிங்கப்பூர்க்காரர்கள் கையில். அவர்களில் ஒருவன் இரண்டாவது மூலையில் நின்றான். அவன் வந்து பலகையை மிதித்தால் தோல்வி. அவனைத் தொட்டுவிட்டால் சுற்று முடிந்து மறுபடி ஆடலாம். மட்டைக்காரன் தூக்கி அடித்தான். பந்து மரவள்ளி வரப்புப் பக்கம் போயிற்று. அங்கிருந்த சோல்ஜர் ஓடிப்போய் எடுத்து, உடம்பை முறுக்கி, நேராக அப்பாசாமிக்கு எறிந்தான்.

நல்ல எறி. முட்டி உயரத்தில், துளிகூட விலகாமல் வந்தது. ஓடி வந்தவன் இன்னும் ஓர் ஆள் தூரத்தில் இருந்தான். அப்பாசாமி பந்தை வாங்கினான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அப்படி ஒரு சுத்தமான பிடி. அந்தச் சுகம் உள்ளங்கையிலிருந்து தோள்வரை ஏறியது. பாடாங், கடல் காற்று, கைக்குள் பந்து. கை தன்பாட்டுக்கு இடது பக்கமாகச் சுழன்று போய் ஸ்டம்பை அடித்தது. அங்கே ஸ்டம்பு இல்லை. காற்றுதான் இருந்தது. வாய் மட்டும் தன் வேலையைச் செய்தது. நடுவரைத் திரும்பிப் பார்த்து, கையை உயர்த்தி, பாடாங் முழுவதும் கேட்கிறபடி அவன் "ஹவ்ஸ் தட்" என்று கத்தினான்.

ஓடி வந்தவன் அவனை உரசிக்கொண்டு போய்ப் பலகையை மிதித்தான்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு கயிற்றுக்கு வெளியே, தமிழ் ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து, அடக்க முடியாமல் ஒரு சத்தம் கிளம்பியது. சிரிப்பா பெருமூச்சா என்று சொல்ல முடியாத சத்தம். அதைக் கேட்டுத்தான் மேஜர் எழுந்து நின்றார். அப்பாசாமி உயர்த்திய கையை இறக்கவில்லை. அவன் கண் முன்வரிசையில் தேவதாஸைத் தேடியது. தேவதாஸ் தன் கையில் கட்டியிருந்த பட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கேப்டன் அப்பாசாமியை எல்லார் முன்னிலையிலும் அறைந்தான். அவன் விழுந்து எழுந்தான், கேப்டன் மறுபடியும் அறைந்தான். வெயிலில் பலகையின் மேல் மண்டியிட வைத்தார்கள். ஜனமெல்லாம் போன பிறகு கேப்டன் வந்து எதிரில் நின்று கேட்டதைக் கலியாணசுந்தரம் தமிழில் சொன்னான்.

"வேணும்னு செஞ்சியான்னு கேக்குறான். இல்லேன்னு சொல்லு. ஆமான்னா இங்கேயே தலை போயிரும்."

"இல்ல. பழக்கம். கை தானா போயிருச்சு."

கேப்டன் அந்தப் பதிலைக் கேட்டு, அவன் கையைப் பிடித்து, கோணல் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபம் தணிந்திருந்தது. பிறகு துபாஷியின் பக்கம் திரும்பினான்.

"இந்தக் கை இன்னும் வெள்ளைக்காரன் கிட்டதான் வேலை செய்யுதாம்" என்று கலியாணசுந்தரம் சொன்னான். "அதுக்குப் பாடம் வேணுமாம். தாஸ் நாளைக்கு சயாமுக்குப் போகணுமாம்."

அப்பாசாமி கேப்டனின் பூட்ஸைப் பிடித்துக்கொண்டான். என்னை அனுப்புங்கள், நான் செய்த தப்பு, என்னை அனுப்புங்கள் என்று தமிழிலும் மலாயிலும் கதறினான். கேப்டன் காலை உதறவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏதோ சொன்னான்.

"உன்ன அனுப்பிட்டா அடுத்த ஆட்டத்துல யாரு குந்துறதுன்னு கேக்குறான்" என்றான் கலியாணசுந்தரம். அதைச் சொல்லும்போது அவனும் அழுதுகொண்டிருந்தான்.

மறுநாள் காலை லாரிகள் தம்பினுக்குப் புறப்பட்டன. அங்கிருந்து ரயில். பூங்காவனம் அவித்த மரவள்ளியை ஒரு துணியில் கட்டிக் கொடுத்தாள். அழக்கூட இல்லை, தம்பியின் சட்டையைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. சோல்ஜர் ஒருவன் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். அவள் பின்னால் தள்ளப்பட்ட பிறகு அப்பாசாமி லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான்.

"தாஸ், மறந்துட்டேண்டா. வேணும்னு செய்யல. கை தானா ஸ்டம்புக்குப் போயிருச்சு."

"தெரியும் மாமா. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்." தேவதாஸ் சிரிக்கப் பார்த்தான், வாய் கோணிக்கொண்டது. "அக்காவப் பாத்துக்குங்க. அவ சாப்பிடாம கெடப்பா, விடாதீங்க."

லாரி வேகம் பிடித்தது. அப்பாசாமியால் கூட ஓட முடியவில்லை.

அடுத்த வாரமே அவனைக் கூப்பிட்டார்கள். போனான். போகாவிட்டால் சயாமில் இருக்கிறவனுக்கு என்ன செய்வார்களோ என்ற பயம். பந்தை வாங்கினான், வந்தவனைத் தொட்டான். அதற்குப் பிறகு ஓர் ஆட்டத்திலும் அவன் தொட மறக்கவில்லை. கேப்டன் தோளில் தட்டிக் கொடுத்தான். அந்தத் தட்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தோளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவான். பூங்காவனம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏன் என்று கேட்டதில்லை. பாடாங்கில் என்ன நடந்தது என்றும் அவள் கேட்கவில்லை. கிழங்கை அவித்து வைப்பாள், அவன் சாப்பிடுவான், அவன் சொன்னால் அவளும் நாலு வாய் சாப்பிடுவாள். அவ்வளவுதான் அந்த வீட்டில் பேச்சு.

ஊரில்தான் பேச்சு வளர்ந்தது. முன்பு காறித் துப்பியவர்கள் இப்போது அவன் வருகிறதைப் பார்த்து எழுந்து நின்றார்கள். மேஜர் பார்த்துக்கொண்டிருக்க, ஜப்பான்காரன் முகத்துக்கு நேரே, கீப்பர் வேண்டுமென்றே ஆட்டத்தைத் தோற்றான், அதுவும் இங்கிலீஷில் கத்திக்கொண்டே தோற்றான் என்று கதை காஜா பேராங்கிலிருந்து செமாபோக் வரைக்கும் பரவியிருந்தது. முச்சந்தியில் மளிகைக் கடை வைத்திருந்த யூனுஸ் பாய் உப்புக் கொடுக்கும்போது ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டு, கண்ணாலேயே ஒரு சலாம் வைப்பார். அப்பாசாமி தலையைக் குனிந்துகொண்டு வாங்கி வருவான். மறுத்துச் சொல்ல இரண்டு மூன்று முறை முயன்றான். "புரியுது, வெளிய சொல்லக் கூடாதுதான்" என்று அவர்கள் கண்ணடித்தார்கள். பசியிலும் பயத்திலும் கிடந்த ஜனத்துக்கு அப்படி ஒரு கதை தேவையாக இருந்தது. அதை அவர்கள் கையிலிருந்து பிடுங்க அவனால் ஆகவில்லை.

மறுவருஷம் மழைக்காலத்தில் நல்லையா என்று ஒருவர் வீடு தேடி வந்தார். குருபோங் பக்கத்துத் தோட்டத்து ஆள். சயாமிலிருந்து தப்பி வந்த சிலரில் ஒருவர். முழங்காலுக்குக் கீழே புண்ணைத் துணியால் சுற்றியிருந்தார். நாற்றம் அறை முழுவதும் பரவியது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தேவதாஸ் தம்பியும் நானும் ஒரே கொட்டகை" என்றார். "வாந்திபேதி வந்துச்சு. ரெண்டே நாள்தான். நாந்தான் பக்கத்துல இருந்தேன்."

பூங்காவனம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பாசாமி அவளைப் பிடிக்கப் போனான். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"எங்க பொதைச்சீங்க?" என்று கேட்டாள்.

நல்லையா காலில் சுற்றியிருந்த துணியை இறுக்கினார். தனியாக ஒரு குழி இல்லை என்பதை அவர் முகத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள். ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"தம்பிக்கு மாமான்னா உசுரு. ஜப்பான்காரன் அடிக்கிறப்பெல்லாம் எங்க கிட்ட வந்து அந்தக் கதையத்தான் சொல்லும். எங்க மாமா இவனுங்கள மேஜர் முன்னாலயே அசிங்கப்படுத்துனாரு, வேணும்னே தோத்தாரு, இங்கிலீஷ்ல கத்துனாரு, அதுக்காகத்தான் நான் இங்க வந்திருக்கேன்னு. பாதி கொட்டகைக்கு அந்தக் கதை மனப்பாடம். சாகுறதுக்கு முன்னாலகூடச் சொல்லுச்சு."

அவர் போன பிறகும் மழை விடவில்லை. பூங்காவனம் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தாள். ஒரு வருஷத்துக்கு மேலாகக் கேட்காததை அன்றுதான் கேட்டாள்.

"எனக்கு மட்டும் உண்மையச் சொல்லுங்க. வேணும்னா செஞ்சீங்க?"

பொய் சொல்லிவிடலாமா என்று அப்பாசாமிக்கு ஒரு நொடி ஆசை வந்தது. ஆமாம் என்றால், ஜப்பான்காரனை அவமானப்படுத்துவதற்காக அவள் வளர்த்த பிள்ளையைப் பணயம் வைத்தவன் ஆவான். இல்லை என்றால், அந்தப் பிள்ளை ஒன்றுமில்லாத ஒரு காரணத்துக்காகச் செத்தான் என்றாகும். இரண்டில் எதைச் சொன்னாலும் அவளுக்குக் கொடுப்பது நெருப்புதான்.

"இல்ல" என்றான். "மறந்துட்டேன். ஸ்டம்பு இருக்குன்னு நெனச்சு கை போயிருச்சு. ஒண்ணுமில்லாததுக்குத்தான் போச்சு எல்லாம்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். லாரியில ஏறுறப்ப நானே சொன்னேன். பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்னு சொன்னான்."

அவள் அழ ஆரம்பித்தாள். அத்தனை நாளும் வராதது ஒரேயடியாக வந்தது. தாய் செத்தபோது தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதது போல, ஒரு கை வளைந்து எதையோ பிடித்திருக்க, உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. அப்பாசாமி பக்கத்தில் உட்கார்ந்து அவனும் அழுதான். அவளைத் தொட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

காலையில் அவள் குளித்து, இருந்ததில் கிழிசல் இல்லாத சேலையைக் கட்டிக்கொண்டாள். தம்பிக்கு விளக்கேற்ற நல்ல எண்ணெய் வேண்டும், பனை எண்ணெயில் ஏற்ற மாட்டேன் என்றாள். இரண்டு பேரும் யூனுஸ் பாய் கடைக்குப் போனார்கள். கடையில் வேறு யாரும் இல்லை. சேதி அவருக்கு அதற்குள் எட்டியிருந்தது. எங்கேயோ ஒளித்து வைத்திருந்த தேங்காய் எண்ணெயைச் சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தார். பண்டமாற்றாக அவள் கொண்டுபோன கோழிமுட்டைகளை வாங்க மறுத்துவிட்டார்.

"என்னத்தச் சொல்றது தங்கச்சி" என்றார் தணிந்த குரலில். "ஊரே தலையக் குனிஞ்சு கெடந்தப்ப கீப்பர் ஒருத்தர்தான் நிமிந்து நின்னாரு. அதுக்கு உங்க வீட்ல குடுத்த வெல பெரிசு."

அப்பாசாமிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "பாய், அது அப்படி இல்ல. நான்..." என்று ஆரம்பித்தான்.

பூங்காவனம் அவனைப் பேச விடவில்லை.

"அவரு வெளிய ஒத்துக்க மாட்டாரு பாய்" என்றாள். குரலில் நடுக்கம் இல்லை. "வேணும்னுதான் செஞ்சாரு. என் தம்பி அதச் சொல்லிட்டுத்தான் செத்திருக்கான்."

யூனுஸ் பாய் தலையை ஆட்டினார். அவள் எண்ணெய்க் குப்பியைக் கணவன் கையில் வைத்து, அவன் விரல்களை அதைச் சுற்றி மூடிவிட்டு, "நடங்க" என்றாள்.